ஒருத்திக்கான வர்ணனை

தொலைக்காட்சியில் பந்தாட்டத்துக்கு வர்ணனை சொல்கிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வாயை மூடுவதைத்தான். கேட்க வேடிக்கையாக இருக்கும். பேசத்தானே சம்பளம்? ஆனால் பந்து வலைக்குள் போவதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'பந்து வலைக்குள் போய்விட்டது' என்று ஒருவர் காதருகே கத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சாப்பிடுகிறவனிடம் போய் 'இதோ நீ சாப்பிடுகிறாய்' என்று சொல்வது போலத்தான் அதுவும்.

கணீர் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றார். கணீர் என்பது அவர் குரலுக்கு நிலையத்தில் வைத்த பட்டப்பெயர். நாளடைவில் வேறு பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாமல் போயிற்று. அவர் வானொலியில் தொடங்கியவர். அங்கே மூச்சு விட நின்றால்கூடக் குற்றம். பந்து எங்கே, யார் காலில், எந்த ஓரத்தில் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு வந்த புதிதில் அதே வேகத்தில் பொரிந்து தள்ளினார். பக்கத்து நாற்காலியில் ஆட்டத்துக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்திருந்தவர் ஒரு பழைய கோல்கீப்பர். பந்து கோலை நெருங்கும்போதெல்லாம் கணீரின் மணிக்கட்டை இறுகப் பிடிப்பார். எத்தனையோ பந்தைத் தடுத்த கைக்குக் கணீரின் வாய் எம்மாத்திரம்? கை சிவந்து சிவந்து ஒருவழியாகக் கணீருக்குப் பேசாமல் இருக்க வந்தது. பிறகு அதிலேயே பேர் வாங்கினார். கோல் விழுந்ததும் கூட்டத்தின் இரைச்சலை மட்டும் ஓடவிட்டு, அது அடங்கும் நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அந்த வாக்கியத்தை மறுநாள் பேருந்தில் நாலு பேர் சொல்லிப் பார்ப்பார்கள்.

மாலைச் செய்தியில் விளையாட்டுப் பகுதியும் அவருடையதுதான். தோற்ற அணியின் தலைவன் முன் மைக்கை நீட்டிவிட்டு, அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, அதன்பிறகு கேள்வி கேட்கிற மனிதர் என்று அவருக்கு மரியாதை இருந்தது.

மேலதிகாரிகளுக்கு அவர் பயந்ததில்லை. பயந்ததெல்லாம் மனைவிக்குத்தான். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பந்தாட்டத்தில் அனா ஆவன்னா தெரியாது. அவர் குரலைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள். கற்றதோடு விடாமல் குற்றம் கண்டுபிடிக்கவும் ஆரம்பித்தாள். ஆட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதே தீர்ப்பு தயாராக இருக்கும். இரண்டாவது கோலுக்கு முன் அத்தனை பேச்சு எதற்கு, நடுவரைத் திட்டினீர்களே அது உங்கள் வேலையா, அந்த ஒல்லிப் பையனை ஒரு தடவையாவது பாராட்டியிருக்கலாமே. வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மறுநாள் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வார். அந்த வீட்டில் கொஞ்சலும் சண்டையும் எல்லாமே பந்தாட்டப் பேச்சுக்குள்தான் நடந்தன.

சர்க்கரை வியாதி அவள் கண்ணுக்குப் போனது. மருத்துவர் ஊசி போட்டார், அறுவைச் சிகிச்சை செய்தார், முன்னைவிடப் பரவாயில்லை என்று அவளும் சொன்னாள். அவரும் நம்பினார். வேளாவேளைக்குச் சமையல் நடந்தது, துணி மடிப்புக் கலையாமல் அலமாரிக்குப் போனது. தீர்ப்புகள் மட்டும் குறைந்தன. 'இன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு' என்று முடித்துக்கொண்டாள். வயதாகிவிட்டது, என்னைத் திருத்துகிற ஆசை போய்விட்டது போலிருக்கிறது என்று கணீர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மைதானத்தின் கோடியில் நிற்கிறவனை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிற மனிதருக்கு, சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பது தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கூடத்தில் வேறு யாரோ வர்ணனை சொல்லும் சத்தம் கேட்டது. மனைவி நாற்காலியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, கன்னத்தில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை கறுத்துக் கிடந்தது. திரைக்குள் இருக்கும் விளக்குப் பழுதாகிப் படம் போய்ச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எப்போதிருந்து அப்படி இருந்ததோ. அவள் அந்தக் கறுப்பைப் பார்த்துச் சிரித்தபடியே, யாரோ ஒருவன் பந்தைக் கோட்டைவிட்டதற்கு 'ச்சே' என்றாள்.

கணீர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. அவர் வந்தது காலடிச் சத்தத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க அங்கேயே நிக்கிறீங்க? ஆட்டம் பார்க்க வாங்க" என்றாள்.

அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கறுத்த திரையை முடியும் வரை பார்த்தார். மறுநாள் புதுத் தொலைக்காட்சி வந்தது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும் என்பது இருவருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டுக்கொண்டாள். ஐயோ பாவம் என்ற பேச்சு தன் காதில் விழக் கூடாது என்றாள். அவரும் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த ஆட்டத்திலிருந்து கணீர் மாறிப்போனார். வெள்ளைச் சட்டை இடது ஓரமாக ஏறுகிறது, நீலச் சட்டைக்காரர்கள் இருவர் குறுக்கே வருகிறார்கள், பந்து கோலுக்கு நேர் எதிரே, உதைக்கிறவன் வலது காலைப் பின்னுக்கு எடுக்கிறான் என்று ஒன்று விடாமல் சொன்னார். பழைய கோல்கீப்பர் மணிக்கட்டைப் பிடித்தார். கணீர் கையை விடுவித்துக்கொண்டு பேசினார். லட்சம் பேர் பார்க்கிற ஆட்டத்தை ஒருத்திக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தீர்ப்புகள் திரும்பி வந்தன. அவர் காலணியைக் கழற்றுமுன்பே, அந்த நீலச் சட்டைத் தடுப்பாட்டக்காரன் அத்தனை முன்னால் ஏறிப் போயிருக்கக் கூடாது என்று அவள் சண்டைக்கு நின்றாள். "இன்னைக்கு எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுதுங்க" என்றாள். அவர் உச்சி குளிர்ந்து போனார். இத்தனை வருஷத்தில் எந்தப் பாராட்டும் அவரை அப்படிச் செய்ததில்லை.

வெளியே நடந்தது வேறு. எங்களுக்கும் கண் இருக்கிறது ஐயா என்று நிலையத்துக்குச் செய்திகள் குவிந்தன. கைப்பேசிகளில் அவர் குரலை வெட்டி ஒட்டிக் கேலி செய்தார்கள். அந்தக் கேலிப் படங்களில் பல் தேய்க்கிறவன், சட்டை மாட்டுகிறவன், பாத்திரம் கழுவுகிறவன் எல்லாரையும் கணீர் வர்ணித்தார். 'வானொலித் தாத்தா' என்று புதுப் பட்டம் கிடைத்தது. அவருடைய தயாரிப்பாளர் நல்ல பெண்மணி. கதவைச் சாத்திக்கொண்டு, என்ன ஆயிற்று உங்களுக்கு என்று பதமாகத்தான் கேட்டாள். ஒப்பந்தம் முடியப்போகிறது, மேலே இருப்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள், இறுதி ஆட்டத்தைப் பழைய கணீராகச் சொன்னால் நான் வாதாடிப் பார்க்கிறேன் என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். மனைவிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. கணீர் மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தார்.

கீழ்த் தளத்தில் மனைவியின் தம்பி குடியிருந்தான். வாயில் எதுவும் தங்காது. மாமாவை ஊரே கிண்டல் பண்ணுதே என்று அக்காவிடம் வந்து கேலியை எல்லாம் போட்டுக் காட்டிவிட்டான். அவன் காட்டியதை அவள் பார்க்கவில்லை. கேட்டாள். கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது.

அன்று மாலை கணீரை எதிரே உட்காரவைத்தாள். அவர் பிடி கொடுக்காமல் எதை எதையோ பேசினார். அவள் விடவில்லை.

"எனக்காகத்தானே?" என்றாள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இறுதி ஆட்டத்துல பழைய மாதிரி இருங்க. பேச வேண்டாத இடத்துல பேசக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

வேலையே வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்றார் அவர்.

"விட்டுட்டு? நாள் பூரா என் முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? என் கண்ணு போனது போகட்டும். என்னால உங்க வாயும் போச்சுன்னு ஆகக் கூடாது."

அதற்கு மேல் எந்தக் கணவனால் வாதாட முடியும்? வாக்குக் கொடுத்தார்.

இறுதி ஆட்டம் ஒரு மத்தியானத்தில் நடந்தது. அரங்கத்தின் உச்சியில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வர்ணனை அறையில் கணீர் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் பந்து ஓரத்தில் ஏறும்போது சொல் தொண்டை வரை வந்தது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்து அடக்கினார். எங்கே, யார், எந்தப் பக்கம் என்று நாற்காலியில் உட்கார்ந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது. அவர் நாக்கில் இருந்த ஒவ்வொரு மௌனமும் அவள் கூடத்தில் இருட்டாக விழுவது அவருக்குத் தெரிந்தது.

ஆட்டம் சமனாகி, கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்கும் தனி உதைகளுக்குப் போயிற்று. கடைசி உதை. வெள்ளைச் சட்டைக்காரன் பந்தைத் தரையில் வைத்தான். அரங்கமே அடங்கியது. பழைய கோல்கீப்பர் பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்திருக்கவே வேண்டாம். பந்து போயிற்று, வலை அதிர்ந்தது, அரங்கம் வெடித்தது. கணீர் பேசவில்லை. தயாரிப்பாளர் அவர் காதுக்குள் மெல்ல, "அப்படியே இருங்க, அப்படியே" என்றாள். இரைச்சல் அலைஅலையாக எழும்பி அடங்க ஆரம்பித்த பிறகு அவர் ஒரே வாக்கியம் சொன்னார்.

"இனி இவர்கள் வீட்டுக்குப் போகலாம், கோப்பையோடு."

படியிறங்குமுன்பே ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதே இல்லை என்று தயாரிப்பாளர் கண் கலங்கினாள். ஒப்பந்தம் உறுதி, மேலே இருப்பவர்களே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள் என்றாள். கணீர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். திருடிவிட்டு வந்தவர் போல வண்டியில் கூனிக்குறுகி உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

கூடத்தில் தொலைக்காட்சி ஓடவில்லை. மனைவி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அவர் காலணியோடு அப்படியே எதிரே உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று பயந்துகொண்டே கேட்டார்.

அவள் கையைத் துழாவி அவர் முழங்காலைத் தொட்டாள்.

"நான் உங்களைக் கேக்கலைங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"டிவியைப் போடவே இல்ல. தம்பிகிட்ட சொல்லி போன்ல ரேடியோ வைக்கச் சொன்னேன். நீங்க பேசாம இருக்கிற நேரம் எனக்கு இருட்டா இருக்கும். அந்த இருட்டுல உக்காந்து உங்க மேல கோவம் வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. உங்க மேல அப்படி ஒரு கோவம் எனக்கு வேண்டாம்."

கணீர் தலையை ஆட்டினார். ஆட்டினது அவளுக்குத் தெரியாது என்று உறைத்ததும், சரி என்று வாய்விட்டுச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வர்ணித்த ஆட்டம் ஒன்றைக்கூட அவள் வேறு குரலில் கேட்டதில்லை.

"புதுசா ஒரு பொண்ணு சொல்லுது. சின்ன வயசுதான். நல்லாச் சொல்லுதுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இனிமே அதையே கேட்டுக்கிறேன். நீங்க நிம்மதியா உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

வேலை நிலைத்துவிட்டது என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார். சொன்னார். அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கடைசி உதையை அந்தப் பொண்ணு எப்படிச் சொல்லிச்சு?" என்று கேட்டார்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைகளை விரித்துக் கோலை வரைந்து காட்டினாள். உதைக்கிறவன் ரெண்டு தடவை பந்தைத் திருப்பித் திருப்பி வைத்தானாம். கோல்கீப்பர் இடது பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்தானாம். பந்து தரையோடு தரையாக வலது கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனதாம். எல்லாரும் ஓடிவர, உதைத்தவன் மட்டும் ஓடாமல் புல்லிலேயே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். எல்லாம் கணீர் உச்சியில் இருந்து தன் கண்ணால் பார்த்ததுதான். ஒன்றுகூடத் தப்பில்லை, ஒரு சொல்கூட அவருடையதும் இல்லை.

கணீர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு, ஆட்டத்தையே பார்க்காதவரைப் போல, "அப்புறம்?" என்று கேட்டார்.