ஒரு மத்தியானத்துக்குக் காற்று

லூதியாவின் விரல் மூச்சு மெஷினின் பொத்தானைத் தொடுவதற்குள் அம்மாவின் கை அதன்மேல் வந்து விழுந்தது. சுளீர் என்று.

"எடுடி கையை!"

"அம்மா... எப்பவோ விடிஞ்சாச்சு. அப்பாவுக்கு இனிமே..."

"அப்பாவுக்கு என்ன? உடம்பு சரியில்ல, அவ்வளவுதானே? நோயாளிக்கு யாராவது வைத்தியத்தை நிறுத்துவாங்களா?"

ஊர் வழக்கம் அம்மாவின் பக்கம் நின்றது. தொராஜா மலை மக்களின் வீடுகளில் மூச்சு நின்றவுடன் யாரும் செத்துவிடுவதில்லை. சாவுச் சடங்கில் முதல் எருமை விழும்வரை அவர் நோயாளிதான். அதற்கு ஒரு வருடமானாலும் சரி. வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் தலைமாட்டுக்குப் போகும். வெளியூர் கிளம்புகிறவர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். காப்பி கொடுக்கலாம் என்றால் காற்று கொடுக்கக் கூடாதா?

அப்பா தெற்கு அறையில், தரையில் விரித்த மெத்தையில் படுத்திருந்தார். விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டார். முகத்தில் முகமூடி, பின்தலையில் பட்டை, மூக்கிலிருந்து குழாய். போர் விமானம் ஓட்டப் புறப்பட்டவர் போல இருந்தார். மெஷின் இரைந்து காற்றைத் தள்ள, இடது கன்னத்தில் முகமூடி சரியாகப் பொருந்தாத இடத்தில் ஒரு விசில் கிளம்பிக்கொண்டிருந்தது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அவருக்கு. மகஸார் நகரத்து டாக்டர் மெஷினைக் கையில் கொடுத்தபோதே, "இதயம் ரொம்ப அடி வாங்கியிருக்கு, இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

முதல் ராத்திரியே அப்பா முகமூடியைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தார். காலையில் அதைப் பன்றிக் கொட்டிலில் இருந்து மீட்டார்கள். "ஓடுற லாரியில தலையை வெளிய நீட்டின நாய் மாதிரி இருக்குடி" என்று மறுநாள் புலம்பினார். பிறகு வயிறு முழுக்கக் காற்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் ஜெபத்துக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அப்பா விட்ட ஏப்பத்துக்கு முன்வரிசை முழுவதும் 'ஆமென்' சொல்லிவிட்டது.

அம்மா ரிப்கா விடவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்குத் தினமும் போன் போட்டு, மெஷினின் ஒவ்வொரு குணத்தையும் மாமியாரின் குணத்தைப் படிப்பதுபோலப் படித்தாள். கடைசியில் அப்பா விசில் இல்லாமல், ஏப்பம் இல்லாமல், விடியும்வரை தூங்க ஆரம்பித்தார்.

ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

சுகாதார நிலையத்து யூனுஸ், உடம்பு கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் ஊசியோடு படியேறி வந்தார். ஊரில் எல்லா நோயாளிகளுக்கும் அவர்தான் போடுவார். அறைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"ரிப்கா அக்கா, இது என்ன?"

"பாத்தா தெரியல? காத்து."

"கழட்டினாத்தானே நான் வேலையைப் பாக்க முடியும்?"

"வயித்துல போடுங்க. மூக்கு உங்களுக்கு எதுக்கு?"

யூனுஸ் லூதியாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். ஊசி இறக்க இடம் தேடி அவர் அப்பாவின் வயிற்றை மெல்ல அழுத்தினார்.

"ஏ...ஏ...ஏவ்!"

நீளமான, நிம்மதியான ஏப்பம். முகமூடி துள்ளியது. யூனுஸ் பின்பக்கமாக விழுந்து, ஊசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூங்கிலில் வெந்த பன்றிக்கறியோடு படியேறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கறியோடு அப்படியே இறங்கி ஓடினார்கள்.

அம்மா மட்டும் அசையவில்லை.

"காத்து வயித்துக்குப் போயிருக்கு" என்றாள் கவலையாக. குனிந்து மெஷினின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். "இப்ப போடுங்க. அவருக்கு சிரமமா இருக்காது."

அந்த நேரத்தில்தான் வெளியே பயங்கரச் சத்தம் கேட்டது. தண்ணீர் தெறிக்கும் சத்தம், வாத்துகளின் கூச்சல், கடைசியாக நிற்காமல் அலறும் ஒரு ஹாரன்.

லூதியா ஓடினாள். வீட்டுக்குக் கீழே நெல் வயலில் ஒரு லாரி மூக்கைச் சேற்றுக்குள் புதைத்து நின்றது. ஹாரன்மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார் சித்தப்பா பாலிம்போங்.

"சித்தப்பா!"

அவர் தலையை நிமிர்த்தினார். ஹாரன் அடங்கியது. ஒரு கீறல் இல்லை.

"வந்துட்டனா?" என்றார், கண்ணைத் தேய்த்துக்கொண்டு.

அண்ணனின் செய்தி கேட்டதும் மகஸாரிலிருந்து கிளம்பியவர். என்ரேகாங் பள்ளத்தாக்கை ஒட்டிய அத்தனை வளைவையும் தாண்டி வந்து, வீட்டு வளைவில் தூங்கிவிட்டார். அண்ணனுக்கு இருந்த அதே வியாதி தம்பிக்கும். பரிசோதனை முடிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்து, மெஷினுக்குக் காப்பீட்டுக்காரர்கள் 'வரும், வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.

"சாயங்காலம் திரும்பப் போகணும்மா" என்றார் சேற்றில் இறங்கியபடி. "உங்க அண்ணன், பொண்டாட்டி பிள்ளைங்களோட நாளைக்குக் காலையில மகஸார்ல வந்து இறங்குறான். எல்லாரையும் ஏத்திட்டு வரணும்."

"இந்த நிலைமையிலயா?"

"பாட்டு போட்டுக்குவேன்."

"வர்றப்ப போடலையா?"

"போட்டேன். நல்ல பாட்டு. அதான் தூங்கிட்டேன்."

அண்ணன், அண்ணி, அந்த இரண்டு வாண்டுகள், அந்தப் பள்ளத்தாக்கு. வேறு வண்டியும் இல்லை, வேறு டிரைவரும் இல்லை. சாயங்காலத்துக்குள் இந்த மனிதர் ஒரு நல்ல தூக்கம் தூங்கியாக வேண்டும். அதற்கு வழி தெற்கு அறையில் விசிலடித்துக்கொண்டிருந்தது.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, மெஷினை சித்தப்பாவுக்கு..."

"முடியாது."

"ஒரு மத்தியானம்மா."

"உங்கப்பா?"

"அப்பாவுக்கு..." அதற்குமேல் அந்த வாக்கியத்துக்குப் போக இடமில்லை. போனால் ஒரு எருமையை வெட்ட வேண்டியிருக்கும்.

"அவருக்குப் பழகவே எவ்வளவு பாடு! இப்பத்தான் படிஞ்சிருக்கு. நடுவுல விட்டா மறுபடி முதல்ல இருந்து" என்றாள் அம்மா. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

சித்தப்பா தட்டின்முன் உட்கார்ந்தார். "அண்ணி, கறி நல்லாருக்கு. அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தவர் அண்ணனுக்கு என்ன என்பதைச் சொல்லவில்லை. தலை தொங்கியது. கையில் பிசைந்த உருண்டையோடு குறட்டை கிளம்பியது. மர அறுவை மில் தோற்றது. ஜன்னலில் இருந்த கோழி இறங்கிப் போனது.

திடீரென்று குறட்டை நின்றது.

சித்தப்பாவின் நெஞ்சு அசையவில்லை.

அம்மாவின் கையில் இருந்த அகப்பை பாதி வழியில் நின்றது. அவள் அப்படி உற்றுக் கேட்பதை லூதியா முன்பே பார்த்திருக்கிறாள். எத்தனையோ ராத்திரிகள், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த மூச்சு வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்த முகம். அம்மாவும் மூச்சை விடவில்லை.

"ஹ்ர்ர்ராக்!" என்று சித்தப்பா வெடித்து நிமிர்ந்தார். "...அண்ணனுக்கும் வச்சீங்களா?" என்று முடித்தார்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து தெற்கு அறைக்குப் போனாள்.

"என்னங்க" என்று உள்ளே அவள் குரல் கேட்டது. "உங்க தம்பி வந்திருக்கான். வண்டியை வயல்ல விட்டுட்டான். ஒரு மத்தியானத்துக்குக் கடன் கேக்கறான். கோவிச்சுக்காதீங்க."

காலையிலிருந்து ஓடிய இரைச்சல் நின்றது. வீடே சட்டென்று பெரிதானது போலிருந்தது.

பிளக் அந்த ஓர் அறையில்தான் உண்டு. ஆகவே சித்தப்பாவின் பாய் அண்ணன் பக்கத்திலேயே விழுந்தது.

"அண்ணி, அண்ணன் மூஞ்சியில இருந்து கழட்டினதையா எனக்கு?"

"பெட்டியில இன்னொரு முகமூடியும் வந்துச்சு, புதுசு. அவருக்குப் பிடிக்கல. உக்காரு. படுக்காத, உக்காரு. முதல்ல பட்டை மாட்டக் கூடாது. சும்மா கையில பிடிச்சு மூக்குல வை. வாயை மூடு."

"எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று சித்தப்பா வாயைத் திறந்தார். காற்று மூக்கு வழியாகப் போய் வாய் வழியாக வெளியே பாய்ந்தது. "புவ்வ்வாஆ!" கன்றுக்குட்டி கத்துவது போலிருந்தது.

"வாயை மூடுன்னேன்ல! உங்க குடும்பத்துல ஒருத்தருக்காவது வாயை மூடத் தெரியுமா?"

லூதியா சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காத்தோட மல்லுக்கட்டாத. இப்ப மெதுவாத்தான் வரும், நீ தூங்கத் தூங்கத் தானா ஏறும். நீ வெளிய விடு, அது உள்ள தரும். எதையும் விழுங்காத. விழுங்கினா வயித்துக்குப் போயிரும்... ம், அப்படித்தான். இப்ப பட்டை. இறுக்காத. இறுக்கினாத்தான் விசிலடிக்கும். படு. இடது பக்கமா."

சித்தப்பா படுத்தார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு முகத்தைச் சுளித்தார். அவசரமாக ஒரு ஏப்பம்.

"தலை இன்னும் உசரமா இருக்கணும்" என்றாள் அம்மா. சுற்றும் முற்றும் பார்த்தாள்.

அந்த வீட்டில் உயரமான தலையணை ஒன்றே ஒன்றுதான். காற்று வயிற்றுக்கு இறங்காமலிருக்க அவளே இலவம்பஞ்சு திணித்துத் தைத்தது. அது அப்பாவின் தலைக்கு அடியில் இருந்தது.

அம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மண்டியிட்டு, இரண்டு கையாலும் மெல்ல மெல்ல உருவி, கொழுந்தனின் தலைக்கு அடியில் வைத்தாள். தட்டிச் சரிசெய்தாள்.

சித்தப்பா தூங்கிப்போனார். நெஞ்சு ஏறி இறங்கியது. எங்கேயும் நிற்கவில்லை. அம்மா சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினாள்.

அப்புறம்தான் லூதியா கவனித்தாள். அப்பாவின் தலை கீழே இறங்கவில்லை. யூனுஸின் ஊசி தன் வேலையை முடித்திருந்தது; உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. தலையணை போன பிறகும் தலை அதே உயரத்தில், மெத்தைக்கு மேலே, வெறும் காற்றில் நின்றது.

"அம்மா... துணி ஏதாவது மடிச்சுத் தரட்டுமா?"

அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த இடைவெளிக்குள் தன் உள்ளங்கையை நுழைத்தாள். அங்கேயே வைத்துக்கொண்டாள்.

வெளியே லாரியைச் சேற்றிலிருந்து இழுக்க வந்த ஆட்கள் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தார்கள். அம்மா மற்றொரு கையின் விரலை உதட்டில் வைத்து, போய்ச் சொல் என்று மகளுக்கு ஜன்னல் பக்கம் சைகை காட்டினாள்.