சுவிச்சின் பொறுமை

எங்கள் அரிப்புக் கிராமத்தில் கோயில் மணி வேளை தப்பி அடித்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கடலில் ஆளைக் காணவில்லை. கேட்டதும் கரையில் நிற்கும் வள்ளமெல்லாம் இறங்கும், காற்று எப்படி இருந்தாலும். முதலில் இறங்குவது என் கணவர் அலெக்ஸாண்டர். அந்த மனுசனுக்கு ஆண்டவர் பயத்தை வைக்கவே இல்லை. அவருடைய பங்கையும் சேர்த்து எனக்கு வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கச்சான் காற்று எழும்பி வீசியது. மீனவர் சங்கக் கந்தோரில் கணினி, வயர், வயர்களை இணைக்கும் சுவிச்சுப் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. கடலில் நின்ற ஆறு வள்ளங்களும் திரையில் ஆறு பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறும் ஒன்றாக மறைந்தன.

"ஆறும் போச்சு! மணியை அடிக்கப்போறன்," என்று சங்கத் தலைவர் வின்சன்ட் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"பொறுங்கோ அண்ணை! ஆறு வள்ளமும் ஒரே நேரத்தில தாழுமே? செத்தது வள்ளமில்லை, இந்தச் சுவிச்சின்ர போர்ட்."

வள்ளங்களின் சிக்னல் சிலாவத்துறைக் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் சுவிச்சின் ஒரு வாசலுக்கு, அதுதான் போர்ட், வரும். சுவிச் விநாடிக்கு ஒரு தரம் கோபுரத்திடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். மூன்று தரம் பதில் வராவிட்டால் செத்ததென்று முடிவுகட்டிப் போர்ட்டைப் பூட்டிவிடும். பிறகு ஆள் திறந்தால்தான் உண்டு. காற்றில் கோபுரத்து டிஷ் ஆடினால் பதில் பிந்தத்தானே செய்யும்? பத்து விநாடிக்கு ஒரு தரம் கேட்டால் போதும் என்று சுவிச்சை அமைக்கும்போதே நான் சொன்னேன். போன வருசம் ஒரு வள்ளம் கவிழ்ந்த செய்தி பிந்தி வந்ததால், "உடன தெரியோணும்" என்று ஒற்றைக்காலில் நின்றவர் வின்சன்ட் அண்ணைதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

இடைவெளியைப் பத்தாக மாற்றினேன். ஒரு எழுத்தைப் பிழையாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன். யன்னலுக்கு வெளியே அலெக்ஸாண்டர் வள்ளத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றார். மணி அடிக்க முதலே!

"டிலோ, வள்ளம் தாண்டது மெய்யெண்டால்?" வின்சன்ட் அண்ணை வாசலில் நின்று கேட்டார்.

"பொய்யெண்டால், கரையில நிக்கிற அவ்வளவு பேரையும் இந்தக் காத்துக்குள்ள நீங்கள் சும்மா இறக்கினதாப் போகும்."

போர்ட்டைத் திறந்தேன். விளக்கு மினுங்கி மினுங்கிப் பச்சையானது. புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் கதிரையில் தொப்பென்று விழுந்து சிலுவை அடையாளம் போட்டார்.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. ஐந்துதான் வந்திருந்தது. கொன்ஸ்ரன்ரைனின் வள்ளம் கடைசியாகத் தெரிந்த இடம், பார் என்ற கடற்பாறைத் திட்டுக்கு மேற்கே, சாம்பல் நிறத்தில் கிடந்தது. போர்ட் திறந்திருக்கிறது, கோபுரம் பதில் சொல்கிறது, மற்ற ஐந்தும் அசைகின்றன. இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை.

யன்னலால் பார்த்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வின்சன்ட் அண்ணை புள்ளிகளை எண்ணிப் பார்க்கமாட்டார், பொழுது பட்டுவிடும், என்னுடைய மனுசன் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். அப்படியும் நினைத்தேன்.

"அண்ணை, இப்ப அடியுங்கோ. கொன்ஸ்ரன்ரைனைக் காணேல்லை. எல்லாரையும் பாருக்கு மேற்க போகச் சொல்லுங்கோ, வேற பக்கம் தேட வேண்டாம்."

மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒரு பச்சைப் புள்ளி எல்லோருக்கும் முதலாகக் கரையை விட்டு மேற்கே போனது. யாருடையதென்று பார்க்கத் தேவையில்லை.

சுவிச்சுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆனால் அந்தப் புள்ளி ஒரு கணம் அசையாமல் நின்றாலும் என் வாய் கேட்டுக்கொண்டே இருந்தது: "இருக்கிறியளே? இருக்கிறியளே?"