டைனாவின் எல்லை

வில்லங்கம் பார்ப்பது என் தொழில். ஒருவர் நிலம் வாங்குவதற்கு முன், அது விற்பவருக்குத்தான் சொந்தமா, இடையில் வேறு யாருக்காவது பாத்தியதை உண்டா என்று பழைய பத்திரங்களைப் புரட்டிச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் கடலோர மாவட்டம் ஒன்றில், நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பத்திர அறையில் இருபத்தாறு வருடம் இதைச் செய்திருக்கிறேன். என் பெயர் கார்லிஸ் ஆல்டின். என் முன்னோர் இதே ஊரில் அடுத்தவர் நிலத்தை உழுத வெள்ளைக்காரக் குத்தகைக்காரர்கள். அந்த அறையில் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் கிடையாது.

1994 பிப்ரவரியில் டாக்டர் பேட்டன் வார்ட்லோ என்னைத் தேடி வந்தார். ரிச்மண்டில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. மழைக்கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் போட்டபடியே விஷயத்துக்கு வந்தார்.

"எங்க வம்சத்தைப் பத்தி ஒரு புத்தகம் போடறேன், மிஸ் ஆல்டின். அக்டோபர்ல குடும்பமே கூடுது. கேப்டன் ஜொசையாஸ் வார்ட்லோதான் எங்க மூத்தவர். அவர் பிள்ளைங்க யாரு, பேரன் பேத்தி யாரு, எந்தெந்த நிலம் அவர் கையில இருந்துச்சு, அது எங்கெங்க போச்சு, எல்லாம் வேணும். ஒரு ஏக்கர் கூட விட்டுடக் கூடாது."

"ஒரு ஏக்கர் விடாம தேடினா, பிடிக்காததும் ஏதாவது அகப்படும் டாக்டர்."

"முந்நூறு வருஷமாச்சு. இனிமே யாருக்கு என்ன வருத்தம்?" என்று சிரித்தார்.

ஆற்றங்கரையில் இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் அவர் பெயரில் இருந்தது. முழுக்கப் பைன் காடு. ஏப்ரலில் மரம் வெட்ட ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்.

முதலில் பட்டாவைப் பிடித்தேன். 1696இல் அரசர் பெயரால் ஜொசையாஸுக்கு அறுநூறு ஏக்கர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. கடல் தாண்டி ஒரு ஆளைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர். ஜொசையாஸ் பன்னிரண்டு தலைகளைக் காட்டியிருந்தார். பதினொரு பேர் இங்கிலாந்துக் கூலியாட்கள். கடைசிப் பெயர்: "டைனா, நீக்ரோ". வயது இல்லை, ஊர் இல்லை.

பிறகு உயில். 1721. மகன்கள் தாமஸ், ஐசக், லெமுவல். மகள்கள் ஃபிரான்சஸ், ஜூடித். அதைப் பார்த்ததும் டாக்டருக்கு ஒரே சந்தோஷம், ஜூடித் என்ற பெயரை யாரும் அவருக்குச் சொன்னதில்லையாம். அடுத்தது 1738இல் மகன்கள் மூவரும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அதில்தான் எனக்குச் சிக்கல் வந்தது.

பழைய செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, காகிதத்தில் வரைந்து பார்ப்பது என் வழக்கம். "ஓடையின் வாயிலிருந்து வடகிழக்கே எண்பது கோல், இரட்டை ஓக் மரம் வரை" என்று எழுதியிருந்தால், மெல்லிய காகிதத்தில் கோணமும் அளவும் குறித்துக் கோடு போடுவேன். ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாக வெட்டி அருகருகே வைத்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும். தாமஸ் பங்கையும் ஐசக் பங்கையும் லெமுவல் பங்கையும் வைத்தேன். நடுவில் ஓட்டை. என் கணக்குத்தான் தப்பென்று மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் ஓட்டை இருந்தது, ஐம்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைய. மூவருடைய பங்கிலும் அந்தப் பக்கத்து எல்லைக்கு ஒரே வாசகம்: "அங்கிருந்து டைனாவின் எல்லை வழியாக."

டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"டயானாவா இருக்கும். மகளோ மருமகளோ."

"டயானான்னு மகளும் இல்ல, மருமகளும் இல்ல. பட்டாவுல ஒரு டைனா இருக்கா."

"அடிமைக்கு ஏது எல்லை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மன்னிக்கணும். இப்ப என்ன பேரு சொன்னீங்க?"

எர்னஸ்டீன் வார்ட்லோ. கறுப்பினப் பெண், அறுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வியாழக்கிழமை தோறும் வந்து தன் குடும்பத்துக் கல்யாணப் பதிவுகளையும் வரிப் பட்டியல்களையும் பார்த்துக் குறிப்பெடுப்பார். பார்த்தால் வணக்கம் சொல்வோம், அதற்கு மேல் பழக்கமில்லை.

"டைனான்னு சொன்னேன்" என்றேன். "நீங்க வார்ட்லோதானே? இவரும் வார்ட்லோ."

"தெரியும். அவர் உள்ள வரப்பவே கையெழுத்துப் புத்தகத்துல பார்த்துட்டேன்." டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டு. யாராவது செத்தா, 'டைனா வயலுக்குப் போயிட்டாங்க'ன்னு சொல்லுவாங்க. சொர்க்கத்தைத்தான் சொல்றாங்கன்னு சின்னதுல நினைச்சுப்பேன். எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு, அது நிஜமான இடம், ரெண்டு பக்கமும் ஓடற ஓடைக்குப் பக்கத்துல இருக்குன்னு. பதினோரு வருஷமா தேடறேன்."

டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அவர் காட்டின் தென்பக்கத்து ஓடை கடலோடு சேர்ந்தது. கடல் ஓதம் ஏறும்போது மேற்கே ஓடும், வடியும்போது கிழக்கே. அது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

நான் உயிலை மறுபடி எடுத்தேன். டாக்டருக்காகப் படித்தபோது பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டு மற்றதைத் தாண்டியிருந்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு, தேடுவதை மட்டும் படிப்பது. எட்டாவது பத்தியில் இருந்தது. எர்னஸ்டீன் தானே படிக்கிறேன் என்றார். விரலைக் காகிதத்தில் படாமல் ஓட்டியபடி, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

"'என் நீக்ரோப் பெண் டைனா தான் குடியிருக்கும் நிலத்தை இதுவரை உழுதது போலவே ஆயுள் வரை உழுதுகொள்ளலாம். என் பிள்ளைகள் யாரும் அவளை அங்கிருந்து எழுப்பக் கூடாது.'" மூச்சு விட்டுக்கொண்டார். "'அவள் மகன் சாம்ப்சனைத் தாமஸுக்கும், மகள் மால் என்பவளை ஐசக்குக்கும், மகன் கஃபியை லெமுவலுக்கும் கொடுக்கிறேன்.'"

அறையில் வேறு யாரும் இல்லை. அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாய் மட்டும் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"வயலைக் கொடுத்தான், பிள்ளைங்களை எடுத்துக்கிட்டான்" என்றார் எர்னஸ்டீன். "எங்க கொள்ளுத்தாத்தா பேரு சாம்ப்சன். அவங்க தாத்தா பேரும் அதான். எங்க அண்ணன் பேரும் அதான்."

"ஏன் கொடுத்தார்னு போட்டிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"நீங்க என்ன நினைக்கறீங்க, மிஸ் ஆல்டின்?"

எர்னஸ்டீன் திரும்பினார். "அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா யாருன்னு நீங்க என்ன நினைக்கறீங்களோ அதையேதான் டாக்டர். ஆனா நான் அதுக்காக இங்க வரல. எங்க ஆளுங்க எங்க படுத்திருக்காங்கன்னு பார்க்கணும். மரம் வெட்டப் போறீங்களாமே? ஊர்க் கடையில பேசிக்கிட்டாங்க."

டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். "அந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அங்க ஒண்ணுமே இல்லைன்னு அவங்களும் பார்த்துக்கட்டும்."

மார்ச் மாதம், வெயில் தெளிவாக இருந்தது. திசைமானியும் என் வரைபடமும் கையில். எர்னஸ்டீன் ரப்பர் பூட்ஸ் போட்டு, ஊன்றிக்கொள்ள ஒரு துடைப்பக் கட்டையோடு வந்திருந்தார். பாம்புக்கும் ஆகும் என்றார். ஓடையின் வாயிலிருந்து கோல் அளவை அடிகளாக மாற்றி எண்ணிக்கொண்டே நடந்தோம். பைன் ஊசிகள் காலடியில் மெத்தை போல் கிடந்தன. அரை மணி நேரத்தில் தரை சற்று உயர்ந்தது. பைன் முடிந்து பெரிய ஓக் மரங்கள் தொடங்கின. அவற்றின் கீழே தரை முழுவதும் ஒரு கொடி பச்சையாகப் படர்ந்து, அங்கங்கே ஊதாப் பூ.

நான் நின்றுவிட்டேன். அந்தக் கொடி காட்டில் தானாக வராது. எங்கள் பக்கத்தில் அதைக் கல்லறைக் கொடி என்பார்கள். யாராவது நட்டால்தான் உண்டு.

டாக்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கொடிக்கு நடுவில் கால் சற்று உள்ளே இறங்கித் தடுமாறி நின்றார்.

"டாக்டர்," என்றார் எர்னஸ்டீன், மெதுவாக, பேருந்தில் பிள்ளைகளிடம் சொல்லும் குரலில். "நீங்க யார் மேலயோ நிக்கறீங்க. இடது பக்கமா இறங்குங்க."

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆள் நீளத்துக்குப் பள்ளங்கள், எல்லாம் கிழக்கு மேற்காக, வரிசை வரிசையாக. சிலவற்றின் தலைமாட்டில் எழுத்தில்லாத ஆற்றுக்கல். ஒன்றின் மேல் நீலக் கண்ணாடிச் சீசாவின் அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. சில பள்ளங்கள் மிகவும் குட்டையாக இருந்தன. எர்னஸ்டீன் துடைப்பக் கட்டையால் ஒவ்வொன்றையும் தொடாமல் சுட்டி எண்ணினார். முப்பத்தொன்பது. எண்ணி முடித்ததும் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. பூட்ஸ் ஈரத்தில் அமிழ, நெடுநேரம் அப்படியே நின்றார்.

"பன்னிரண்டு வயசுல இங்க மான் வேட்டைக்கு வந்திருக்கேன்" என்றார் டாக்டர், யாரிடம் என்றில்லாமல். "இந்த மேட்டுல உக்காந்துதான் எங்கப்பாவோட ரொட்டி சாப்பிட்டேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும். கொடி மேல உக்காராதே, தள்ளி அந்த மர வேர் மேல உக்காருன்னாரு."

எர்னஸ்டீன் பள்ளங்களை மிதிக்காமல் சுற்றி வந்து மேட்டிலிருந்து இறங்கினார். நாங்களும் அவர் பின்னால் திரும்பினோம்.

மரம் வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த மேட்டைச் சுற்றி நூறடி விட்டு நாடா கட்டச் சொன்னார், வெட்டுகிற அன்று தானே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். ஜூன் மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு பத்திரம் எழுதச் சொன்னார், மூன்றரை ஏக்கர், போக வர வழியோடு, எர்னஸ்டீன் வார்ட்லோவுக்கும் அவர் வாரிசுகளுக்கும்.

பத்திரத்தைப் படித்துவிட்டு எர்னஸ்டீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்பதுல மூணரை."

"கல்லறை அவ்வளவுதான் இருக்கு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"கல்லறை மட்டும் இல்ல டாக்டர், அவ உழுத வயலும் அங்கதான் இருக்கு. அதை எடுத்துக்க உங்களுக்குப் பத்திரம் இருக்கா? தேடித் தேடிப் பார்த்துட்டாங்க இந்தம்மா. கிடையாது." பிறகு பேனாவை எடுத்தார். "இதை வாங்கிக்கறேன். போதும்னு சொல்லி வாங்கல. அதை ஞாபகம் வச்சுக்கங்க."

"சரி" என்றார் அவர். வாதாடவில்லை. முகம் சிவந்திருந்தது. இன்றுவரை மற்ற நாற்பத்தாறு ஏக்கரைப் பற்றி அவர் முடிவு எதுவும் சொன்னதில்லை. எர்னஸ்டீன் கேட்பதை விடவும் இல்லை.

ஆகஸ்டில் எர்னஸ்டீன் வீட்டார் நாற்பது பேர் அங்கே கூடினார்கள். முள்ளை வெட்டி வழி போட்டு, சாப்பாட்டு மேசை விரித்து, பாதிரியாரை வைத்து ஜெபம் செய்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் கூப்பிடாமலே வந்து, காரை ரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அரை மணி கழித்து எர்னஸ்டீனின் அண்ணன் சாம்ப்சன் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள வேகறீங்களா, இல்ல வெளிய வந்து மண்வெட்டி பிடிக்கறீங்களா?"

வந்தார். மதியம் வரை முள் வெட்டினார். சாப்பிடும்போது, தட்டை மடியில் வைத்துக்கொண்டு எர்னஸ்டீனிடம் கேட்டார்.

"புத்தகத்துல டைனாவுக்கு ஒரு பக்கம் விட்டிருக்கேன். எங்க அக்காவுக்குப் பிடிக்கல, அக்டோபர்ல கூடறதுக்கு வரமாட்டேன்னுட்டா. பரவாயில்ல. ஆனா என்ன எழுதறதுன்னு தெரியல. எந்த ஊரு, என்ன வயசு, அவங்க அம்மா அவங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க..."

எர்னஸ்டீன் சோளக் கதிரைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"எனக்கு மட்டும் தெரியுமா? தெரியாதுன்னு எழுதுங்க. யாரால தெரியாமப் போச்சுன்னும் எழுதுங்க. அப்புறம் அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க."

டாக்டர் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.