பதினான்கு ஸ்டேஜ் டச்சு

கண்டக்டரம்மாவுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். இதுவரை ஒருவரையும் தப்பான நிறுத்தத்தில் இறக்கிவிட்டதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். யாரும் மறுத்ததில்லை. மறுத்துவிட்டு அதே பேருந்தில் மறுநாளும் ஏற வேண்டுமே! அப்படிப்பட்டவளிடம்தான் அவள் பெற்ற மகள் போனில், "உன்னால தனியா வர முடியாதும்மா, தொலைஞ்சு போயிடுவே" என்று சொல்லிவிட்டாள்.

மகள் இருப்பது டச்சு பேசுகிற நாட்டில். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, குழந்தை பிறக்கிற வாரத்துக்குத்தான் லீவு கிடைத்திருந்தது. அப்போது அம்மாவும் போவதாகத் திட்டம், விசாகூட வந்தாயிற்று. அதற்குள் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. குளியலறைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஏழு வாரம் அப்படியே கிடக்க வேண்டும்.

யாராவது போயாக வேண்டும். ஆனால் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக ஆள் இல்லை. இறங்கியதும் ரயில் ஏறி, நடுவில் ஒரு ரயில் மாறி, அப்புறம் பத்து நிமிடம் நடந்து வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"அத்தை வர்றேன்னு சொல்றாங்கம்மா. அவங்களுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. சமாளிச்சுடுவாங்க."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. சம்பந்தியம்மாள் நல்லவள்தான். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் அவள் ஓய்வு பெற்ற விஷயம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் அறைக்குள் வந்தால் நாற்காலியே நிமிர்ந்து உட்காரும். மாமியார் எதிரில் காலை நீட்டிப் படுக்கிற பெண்ணாகத் தன் மகளை இவள் வளர்க்கவில்லை. ஏழு வாரமும் மகள் அரைகுறையாக எழுந்து உட்கார்ந்துகொண்டே இருப்பாள். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போய்விடும்.

"நான்தான் வருவேன்" என்றாள் கண்டக்டரம்மா.

"உனக்கு இங்கிலீஷ் வராதேம்மா."

"நாப்பது வருஷமா வரல, இனிமேலா வரப்போகுது? அதை விடு. நான் நேரா டச்சே கத்துக்கறேன். டச்சுக்கும் எனக்கும் இதுவரைக்கும் ஒரு தகராறும் இல்ல."

மகள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "விளையாட்டு இல்லம்மா. நீ வழியில மாட்டிக்கிட்டா என்னால எழுந்து வரக்கூட முடியாது. இங்கயே படுத்துக்கிட்டு நீ எங்க நிக்கறியோ, எங்க தவிக்கறியோன்னு நினைச்சே எனக்குப் பிரஷர் ஏறிடும்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் கண்டக்டரம்மாவுக்கு எரிச்சல். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மகள் குடியிருப்பது மாடியில். கீழ்வீட்டில் ஒரு டச்சுக்கார அம்மாள் தனியாக இருக்கிறாள், காய்கறி வாங்கித் தருவதெல்லாம் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் ஐந்து கேள்வி கேட்பாள், வழியில் யாரும் கேட்கக்கூடிய கேள்விகள். பதில் சொல்லிவிட்டால் விமான டிக்கெட் அம்மாவுக்கு, இல்லாவிட்டால் அத்தைக்கு.

கையில் பத்து நாள் இருந்தது. மகள் வழியில் கேட்கக்கூடிய கேள்விகளையும் அன்றாடம் தேவைப்படுகிற பதினான்கு வாக்கியங்களையும் சொல்லி ஒலிப்பதிவு செய்து அனுப்பினாள். கண்டக்டரம்மா அவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டாள். காலை வணக்கத்துக்கு 'ஃகூதெ மோர்ஃகென்'. தொண்டையில் முள் சிக்கியதுபோல் ஒரு சத்தம் அடிக்கடி வந்தது. அது அவளுக்குச் சிரமமாகவே இல்லை. இருபத்தெட்டு வருடம் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை அது. டச்சுக்காரர்கள் பார்த்திருந்தால் சொந்தக்காரி என்றே நினைத்திருப்பார்கள்.

மனப்பாடம் செய்ய அவளிடம் ஒரு வழி இருந்தது. டிப்போவிலிருந்து மில் வாசல் வரை அவள் வண்டிக்குப் பதினான்கு ஸ்டேஜ். ஸ்டேஜுக்கு ஒரு வாக்கியம் என்று ஒட்டவைத்தாள். டிப்போவில் காலை வணக்கம். மார்க்கெட்டில் 'டாங்க் யூ வெல்', நன்றி. கோர்ட்டில் 'வார் இஸ் ஹெட் ஸ்டாஷோன்', ஸ்டேஷன் எங்கே. ஆஸ்பத்திரியில் 'இக் பெஃக்ரைப் ஹெட் நீட்', எனக்குப் புரியவில்லை. வண்டி ஓட ஓட வாய் முணுமுணுத்தது. ஆறாம் நாள் மூச்சு விடாமல் பதினான்கையும் ஒப்பித்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அக்கா, அந்த ஊர்க்காரனே இவ்வளவு வேகமாப் பேசமாட்டான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரம்மா இஸ்திரி போட்ட சேலையில் போன் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் கீழ்வீட்டு அம்மாள் வந்தாள். வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, நல்ல சிரிப்பு. காலை வணக்கம் சொன்னாள். இவளும் சொன்னாள். அதுவரை எல்லாம் ஜோர்.

அடுத்து அந்த அம்மாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அதற்கான பதில் ஒன்பதாவது ஸ்டேஜில், தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இருந்தது. கண்டக்டரம்மா மனதுக்குள் டிப்போவிலிருந்து கிளம்பினாள். மார்க்கெட், கோர்ட், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேர்வதற்குள் அந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்களோடு யாராவது வருகிறார்களா என்று அடுத்ததைக் கேட்டுவிட்டாள். இவள் போகிற ஊரின் பெயரைச் சொன்னாள். உதவி வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டாள். தனியாக வருகிறேன் என்றாள் இவள். பதில்களெல்லாம் சரியான பதில்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம் லேட். மீதிக் கேள்விகளுக்கு வாயே திறக்கவில்லை. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது.

மகள் போனை வாங்கிக்கொண்டாள். "பரவாயில்லம்மா. நீ இவ்வளவு கத்துக்கிட்டதே பெரிசு. அத்தைக்கே டிக்கெட் போட்டுடறேன்."

அந்த 'பரவாயில்ல'தான் கண்டக்டரம்மாவைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை கொடு" என்றாள்.

"அம்மா, நாள் போயிட்டே இருக்கு."

"ஒரே ஒரு வாரம். அதுக்குள்ள எனக்கு வரலன்னா உங்க அத்தைக்கு நானே பெட்டி கட்டித் தர்றேன்."

மறுநாள் காலை வண்டி மார்க்கெட்டைத் தாண்டும்போது மூச்சு முட்டுகிற கூட்டம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆஸ்பத்திரி ஒண்ணு!" ஜன்னலோரமாக ஒன்று, "மில் வாசல் ரெண்டு!" படிக்கட்டிலிருந்து, "கோர்ட்டும்மா!" அவள் கை தன்பாட்டுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தது. பாதியில் நிறுத்திவிட்டு அவள் தன் கையையே பார்த்தாள். மில் வாசல் என்று கேட்டவருக்குக் கொடுக்க அவள் டிப்போவிலிருந்து எண்ணிக்கொண்டு வரவில்லை. யார் எதைக் கேட்டாலும் கை நேராக அங்கே போனது. இந்த வேலையில் அவளுக்கு எல்லாமே பயணி கேட்டுத்தான் படிந்திருந்தது. டச்சை மட்டும் யாருமே கேட்காமல் தானே ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறாள், முட்டாள்!

விசிலை ஊதினாள். டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

"நிறுத்தறதுக்கு ஊதல, நீ போ" என்று அவரை அடக்கிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மகள் படுத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை, தான் அதில் தோற்றது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். "தினமும் ஏர்றவங்க ஆளுக்கு ஒரு வரி எடுத்துக்குங்க. டிக்கெட் கேக்கும்போது அந்த வரியைத் தமிழ்ல என் மேல வீசுங்க. நான் டச்சுல சொன்னப்புறம்தான் டிக்கெட் தருவேன்."

"வராட்டி?" என்றார் தினமும் கோர்ட்டில் இறங்குகிற குமாஸ்தா.

"வராட்டி நிறுத்தம் வர்றதுக்குள்ள கொடுத்துடுவேன்யா, பயப்படாதீங்க."

காலை வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சொந்த வேலையை மறந்துவிட்டு டச்சு மொழியை வளர்க்கக் கிளம்பிவிட்டார்கள். கல்லூரிப் பெண்கள் கைபேசியில் உச்சரிப்பைப் போட்டுக் காட்டித் திருத்தினார்கள். இரும்புக்கடைக்காரர் தன் வரியோடு நிற்காமல் அடுத்தவர் வரியையும் சேர்த்துக் கேட்டு அவளை மடக்கப் பார்த்தார். குமாஸ்தாவோ 'எனக்குப் புரியவில்லை' என்ற வரியை எடுத்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சிகள் சொல்லிக் கேட்டதுபோலவே அலுத்துக்கொண்டு சொல்வார். புதிதாக ஏறிய ஒருவர் மட்டும், "டிக்கெட்டைக் குடும்மா தாயே, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று கத்த, மொத்த வண்டியும் அவரை முறைத்தது. மனிதர் வாயை மூடிக்கொண்டார். திங்கள், செவ்வாய் தடுமாற்றம். புதன்கிழமை பின்னாலிருந்து யாரோ, "எந்த பிளாட்பாரம்?" என்றதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வெல்க் பெரோன்?" என்று சொல்லி டிக்கெட்டை நீட்டினாள். வண்டியில் கைதட்டல்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்குகிற நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் கத்துக்கிட்டீங்க. எதுக்கு வந்தீங்கன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்வீங்க?"

கண்டக்டரம்மா மனதுக்குள் டிப்போவிலிருந்து மில் வாசல் வரை தேடினாள். பதினான்கில் அது இல்லை.

"எங்க வார்டுக்கு வர்றவங்களை முதல்ல அதைத்தான் கேப்போம்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் இறங்கிப் போய்விட்டாள்.

கல்லூரிப் பெண்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். 'இக் கொம் ஃபோர் மைன் டொஃக்தெர்.' நான் என் மகளுக்காக வந்திருக்கிறேன். அதை அவள் எந்த நிறுத்தத்திலும் ஒட்டவைக்கவில்லை. டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போகும்போதுகூட அது தானாக வாயில் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அம்மாள் நான்கு கேள்விகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டாள். நான்குக்கும் பதில் டக் டக்கென்று விழுந்தது. ஐந்தாவதாக ஒரே மூச்சில் ஏதோ நீளமாகப் பேசினாள். கண்டக்டரம்மாவுக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. அவள் அசரவும் இல்லை. கோர்ட் குமாஸ்தாவின் அலுப்போடு, எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள். அந்த அம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். அதுதான் ஐந்தாவது கேள்விக்கு விடையாம்! வழியில் அது ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றாளாம்.

"சரிம்மா" என்றாள் மகள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் காலை கண்டக்டரம்மா அந்த நாட்டில் இறங்கினாள். ரயில் சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. உள்ளே போங்க என்று சொல்ல ஆளே இல்லை. சீருடை போட்ட பரிசோதகர் வந்து அவளிடம் டிக்கெட் கேட்டார். இருபத்தெட்டு வருடமாகக் கேட்டவளை முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். நீட்டினாள். அவர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தபோது, "டாங்க் யூ வெல்" என்றவள், தன் தோளைத் தொட்டுக் காட்டி, பை தொங்குவதுபோலவும் டிக்கெட் கிழிப்பதுபோலவும் ஜாடை செய்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார்.

மாற வேண்டிய ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். மகள் எழுதிக் கொடுத்த எண்ணில் ரயிலே இல்லை. பக்கத்தில் நின்றவரிடம், "வெல்க் பெரோன்?" என்று ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கேட்டாள். அவர் சொன்னது புரியவில்லை. புரியவில்லை, மெதுவாக என்றாள். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஓடினாள். மகள் கணக்குப் போட்டிருந்த ரயிலுக்கு முந்தின ரயிலே அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அதனால்தான் அவள் வாசலில் மணியை அழுத்தியபோது மகள் அவளை எதிர்பார்க்கவில்லை. மேலே படுத்தபடியே பேசவும் கதவைத் திறக்கவும் வசதியாகக் கதவோரம் சுவரில் பதித்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் டச்சில் யார் என்று கேட்டது. மகளின் குரல்தான். ஆனால் அந்தக் குரலில் இப்படி ஒரு மொழியை அவள் நேரில் கேட்டதில்லை. அன்னியமாக, களைப்பாக இருந்தது. இத்தனை நாளும் இவள் இப்படித்தான் யாரோ மாதிரி பேசிக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறாள் என்று கண்டக்டரம்மாவுக்குத் தோன்றியது. அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு முன்னால், நர்ஸ் கேட்டு வந்த அந்தப் பதினைந்தாவது வரி வாயில் வந்துவிட்டது.

"இக் கொம் ஃபோர் மைன் டொஃக்தெர்" என்றாள்.

ஒலிபெருக்கியில் அழுகை வெடித்தது. அழுகைக்கு நடுவில் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

"எழுந்திருக்காதே!" என்று கண்டக்டரம்மா ஒரு கத்துக் கத்தினாள். மூன்று வீடு தள்ளி ஒரு ஜன்னல் திறந்தது. "படுத்த இடத்துலயே படு! நான் வந்துட்டேன்ல, நானே மேல வர்றேன்!"

கதவு டர்ரென்று தானாகத் திறந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.