கை கால் இருக்கட்டும்

1

இது திருட்டுக் கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னிடம் மட்டும் சொன்ன நாலு வார்த்தையை, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குறித்துவைத்துக்கொண்டேன். தம்பியாக அழுதது அதற்கப்புறம்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: "முதுமை என்பது ஒரு..."

(வேண்டாம். முதுமை என்பது ஒரு மண்ணும் இல்லை. எழுபத்தொரு வயதில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இது போதும்.

2

"தலைக்குள்ள இருக்கற கட்டி மெதுவாத்தான் வளருதும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா புத்தி, ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா வலது கையும் காலும் அநேகமா விழுந்துடும். எடுக்கலைன்னா கை காலுக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. ஞாபகம்தான் கொஞ்சம் கொஞ்சமா..."

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. மேஜைமேல் இருந்த ஸ்கேன் படங்களை அடுக்க ஆரம்பித்தார். அக்கா முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். பாதியில் நிற்கும் எதையும் பொறுக்கமாட்டாள்.

"போயிடும்," என்று அவளே முடித்துவைத்தாள்.

"ஆமாம்மா. எதுன்னு நீங்கதான் சொல்லணும். வீட்ல கலந்து பேசிட்டு..."

"பேச என்ன இருக்கு? கை கால் இருக்கட்டும்."

பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே ஒப்பிக்கிறவள், தலையை வைத்தே பிழைத்தவள், அந்தத் தலையைத் தூக்கிக் கொடுக்கிறாள்.

"அக்கா, கொஞ்சம் யோசிச்சு..."

"அவரை யாருடா புரட்டிப் போடுவா? நீயா?"

(அவர் என்றால் அத்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, தோளிலும் வலு இல்லை. பென்சில் பிடிக்கிற அளவுக்குக் கை மிச்சம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பிள்ளைகள் கிடையாது.)

3

இங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் பிடித்த கதை ஆகியிருக்கும். முதல் வரைவில் நிறுத்தவும் செய்தேன். "கட்டிய கணவனுக்காகத் தன் நினைவையே அவள்..."

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. வராந்தாவில் நடந்ததுதான் குறுக்கே நின்றது.

அக்கா ஸ்கேன் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள நான் சொன்னது பொய்யில்லடா. ஆனா முழுசும் சொல்லல."

"என்னக்கா?"

"ஆறு வருஷமா பாக்கறேன். அவரோட உடம்பு விழுந்ததை விடு. தலை தெளிவா இருக்கே, அதாண்டா அவருக்கு வியாதி. துடைச்சு விடற ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடிக்கறார். தூங்கறார்னு நான் நினைச்சுக்கணுமாம். அவரை மாதிரி எல்லாம் புரிஞ்சுக்கிட்டுக் கிடக்க என்னால ஆகாது. எனக்கு மறந்துடட்டும்." படங்களை உறைக்குள் தள்ளிவிட்டு, "அவர்கிட்ட சொல்லிடாதே," என்றாள்.

நான் சொல்லவில்லை. எழுதினேன்.

4

படுக்கையில் விழுந்ததிலிருந்து என் கதைகளுக்கெல்லாம் பிழை திருத்துவது அத்தான்தான். இதை மட்டும் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

எட்டு மாதம் ஆனது. சாவிக்கொத்து அரிசி டப்பாவுக்குள் இருந்தது. செருப்பு பீரோவுக்குள் போனது. ஒருநாள் காலை பையை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு நான் மருந்து வாங்கித் திரும்பி வந்தபோது, என் காகிதங்கள் அத்தானின் நெஞ்சின்மேல் கிடந்தன.

"உங்கக்காதான் கொண்டுவந்து குடுத்தா. பரீட்சைப் பேப்பர் வந்திருக்கு, திருத்திக் குடுங்கன்னா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் படித்திருந்தார். 'மூன்றாவது மாடி'யை அடித்து 'நாலாவது' என்று எழுதியிருந்தார். வராந்தாப் பகுதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: என்கிட்டயும் சொன்னா. அன்னிக்குச் சாயங்காலமே.

"அத்தான்..."

"என்ன மாப்ளே முழிக்கறே? நாப்பது வருஷத்துல அவ என்கிட்ட எதையாவது முழுசா ஒருநாள் மறைச்சிருக்காளா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்னு சொன்னேன்." கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவகிட்ட சொன்னது பொய். நான் தலையைத்தான் கேட்டிருப்பேன். எவ்வளவு அசிங்கமா இருந்தாலும், துடைக்கறது அவதான்னு எனக்குத் தெரியுதுல்ல. அது போதும்." பென்சிலை என்னிடம் நீட்டினார். "இதையும் எழுதிக்கோ. இனிமே அவ படிக்கமாட்டா."

(இந்த இடத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்று ஒரு பத்தி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.)

5

முடிவுக்கு வந்தாக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை. வெந்நீர்ப் பாத்திரமும் துண்டுமாக அக்கா உள்ளே வந்தாள். நடையில் தளர்ச்சி இல்லை. இரண்டு கையையும் அத்தானின் தோளுக்கடியில் கொடுத்தாள். புரட்டவில்லை. குனிந்து முகத்தையே பார்த்தாள்.

"பாவம். உங்க வீட்டுக்காரம்மா எங்கங்க? இப்படி விட்டுட்டு எங்க போயிட்டாங்க?"

அத்தான் தலையை என் பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு மாப்ளே. யார் யாரோ பேசறதையெல்லாம் எழுதறியே."

எழுதிப் பார்த்தேன். "கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று எழுதினேன். வரமாட்டாள் என்று அத்தானுக்குத் தெரியும். அவர் எதிரிலேயே அதை எப்படிச் சொல்வது? அடித்தேன். "நீதான்க்கா அது" என்று எழுதினேன். மறந்துவிட வேண்டும் என்று கேட்டு வாங்கியவளிடம் அதைத் திரும்பக் கொடுக்க நான் யார்? அதையும் அடித்தேன். "அவங்க..." என்று ஆரம்பித்து, அப்படியே விட்டேன்.

அன்றைக்கு அந்த அறையில் கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதை எழுதப்போவதில்லை. சொன்னது சரியில்லை, அது மட்டும் தெரியும்.

உங்களிடமே விடுகிறேன். கேள்வி கேட்டுவிட்டு அக்கா காத்திருக்கிறாள். கைகள் இன்னும் அத்தானின் தோளுக்கடியில்தான் இருக்கின்றன. பதில் வராமல் அவள் புரட்டமாட்டாள். இரண்டு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.