ஒரு கவர் கூடுதல்

செவ்வாய்க்கிழமை மாலை, ஆலயத்தின் பின்னறையில், ரெஜிஸ்டர் அக்காவின் விரல் ஒரு பெயரின் மேல் போய் நின்றது. நின்ற விரல் அங்கிருந்து எழவில்லை. சபையில் திடப்படுத்தல் பெற்று முழு உறுப்பினர் ஆனவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். போன ஞாயிறு கொடுத்தனுப்பிய கவர்களோ நூற்று நாற்பத்து நான்கு. எங்கே ஒன்று கூடியது என்று மத்தியானத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள், அந்தப் பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பெயருக்கு நேரே, வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில், சிவப்பு மையில் ஒரு தேதி இருந்தது. அடக்கம் செய்த தேதி. பதினோரு மாதம் ஆகிறது. அதையும் அவள்தான் தன் கையால் எழுதியிருந்தாள்.

அந்தச் சின்ன லுத்தரன் சபை தன் ஆலயத்தை இடித்துக் கட்ட முடிவு செய்து ஒரு வருடமாகிறது. மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே ஆட்கள் எழுந்து இடம் மாறி உட்காருவார்கள். ஏலம் விடலாம், கச்சேரி வைக்கலாம், பணக்காரர் யாரையாவது பிடிக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். போதகர் ஒன்றுக்கும் அசையவில்லை. உக்கிராணத்துவம் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு ஞாயிறு பிரசங்கம் செய்தார். நம் கையில் இருக்கிற எதுவும் நம்முடையதில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்து வைத்தது. காசு மட்டுமில்லை, பொழுதும் திறமையும்கூட. ஆகவே ஒவ்வொருவருக்கும் கவரில் போட்டு ஓர் அட்டை. அடுத்த மூன்று வருடத்துக்கு மாதம் இவ்வளவு பணம், இவ்வளவு நேரம், இன்ன வேலை என்று தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். யார் எவ்வளவு என்று மேடையில் வாசிக்கிற பேச்சே கிடையாது. குறித்த ஞாயிறு அவரவர் அட்டையை அவரவரே பீடத்துக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். புருஷனுக்காகப் பெண்சாதியோ பிள்ளைக்காகத் தகப்பனோ கொண்டுபோகக் கூடாது.

கவர்களின் மேல் பெயரை அச்சடிக்க வேண்டாம், கையால் எழுதினால்தான் மரியாதை என்று சொன்னவளே அக்காதான். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். கல்யாணம், குடும்பம் என்று எதுவும் அமையாமல் போக, சபைப் பதிவேடுகளே அவளுக்குக் குடும்பமாயின. எழுதும்போது வெற்றுக் கவர்களை அடுக்கிப் பதிவேட்டின் வலப்பக்கத்தின் மேல் வைத்திருக்கிறாள். இடப்பக்கம் பெயர்கள். சிவப்புத் தேதிகள் எல்லாம் கவர்களுக்கு அடியில் போய்விட்டன. மற்ற மறைந்தவர்களெல்லாம் கிழவர் கிழவிகள். அந்தப் பெயர்களைத் தாண்ட அவளுக்குத் தேதி தேவைப்படவில்லை. இந்தச் சின்னப் பெண்ணின் பெயரை மட்டும் கை தாண்டவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ், ஞாயிறு பள்ளிப் பரிசு, திடப்படுத்தல் அட்டை என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிப் பழகிய கை அது.

பதிவேட்டை மூடிவிட்டு நேரே பேக்கரிக்கு நடந்தாள். கடைக்காரர்தான் கட்டடக் குழுவின் தலைவர்.

“என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது? என் பன்னு தீர்ந்துடும்னு யாராவது புரளி கிளப்பிட்டாங்களா?”

அவள் சொன்னாள். அவர் ஏப்ரனைக் கழற்றிக் கல்லாவின் மேல் போட்டார்.

“எழுத்துப் பிழைக்கே நாலு நாள் தூங்க மாட்டீங்களே நீங்க!”

“எழுத்தைத்தான் பார்த்தேன் அண்ணே. ஆளைப் பார்க்கல.”

பெண்ணின் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். பிரித்திருக்க மாட்டார்கள், பிரித்தாலும் ஓரமாக வைத்திருப்பார்கள், மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்துவிடலாம். நாலாவது மாடிப் படிக்குக் கீழே வந்ததும் நின்றார். “ஒருவேளை எழுதி வெச்சிருந்தாங்கன்னா? அதை வாங்க முடியாதுக்கா. செத்தவங்க பேர்ல கை நீட்டி வாங்குற சபை இல்ல நம்ம சபை. செத்தவங்களுக்காகக் காசு வாங்கிப் பாவமன்னிப்பு வித்ததை எதிர்த்துத்தானே நம்ம சபையே பொறந்துது.”

“முதல்ல ஏறுங்க.”

பெண்ணின் அம்மாதான் கதவைத் திறந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போலிருக்கிறது. நெற்றி மயிரெல்லாம் நீராவியில் ஒட்டிக்கிடந்தது. இருவரையும் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

“வாங்கக்கா. வாங்கண்ணே. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். உக்காருங்க.”

மேசைமேல் மூன்று கவர்கள் இருந்தன. ஒன்று பிரிக்கப்படவே இல்லை, அது புருஷனுடையது. மற்ற இரண்டும் கத்தியால் நேராகக் கீறிப் பிரிக்கப்பட்டிருந்தன.

“தப்பு என்னோடதும்மா,” என்றாள் அக்கா. “பக்கத்தை மறைச்சு வெச்சுட்டு எழுதிட்டேன். வேணும்னு செய்யல. மன்னிச்சிரும்மா. அதைக் குடுத்துரு, நான் கொண்டு போயிடறேன்.”

“முதல்ல எனக்கும் உங்க மேல அவ்வளவு ஆத்திரம் வந்துது. கிழிச்சுப் போடத்தான் எடுத்தேன்.” அவள் கவரைத் தொட்டுத் திருப்பி வைத்தாள். “அப்புறம் எழுத்தைப் பார்த்தேன். எனக்கு எழுதின மாதிரியே, அவருக்கு எழுதின மாதிரியே, பாப்பாவுக்கும் எழுதியிருந்தீங்க. ஆஸ்பத்திரிக் காகிதம், பேங்க் காகிதம், எதுல பார்த்தாலும் அவ பேருக்கு முன்னால ஒரு ‘மறைந்த’ இருக்கும்கா. பதினோரு மாசமா அவ பேரை வெறும் பேரா யாருமே எழுதல.”

அந்தக் கவரிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பணத்துக்கு நேரே ஒரு சின்னத் தொகை இருந்தது. நேரத்துக்கு நேரே, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். திறமைக்கு நேரே, பாடகர் குழுவில் பாட்டு, கீழ்க்குரல். பேக்கரிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

“முதல் சம்பளத்துலேர்ந்தே பத்துல ஒண்ணு எடுத்துத் தனியா வெச்சிருவா. மூணு மாசம்தான் வெச்சா, அதுக்குள்ள காய்ச்சல் வந்துருச்சு. அதே தொகையைத்தான் போட்டிருக்கேன். அதுக்காக வாரத்துல ரெண்டு நாள் காலை வேலையும் கேட்டு வாங்கியிருக்கேன். யார் கையையும் எதிர்பார்க்கல.”

“அம்மாடி,” என்றார் பேக்கரிக்காரர். இவ்வளவு மெதுவாக அவர் பேசி அக்கா கேட்டதில்லை. “பணம் குடுக்காதேன்னு நான் சொல்லல. ஞாபகார்த்தம்னு ஒரு வரி மேல எழுதிரு. தாராளமா வாங்கிக்கறோம். ஜன்னல் ஒண்ணு அவ பேர்லயே வைக்கலாம்.”

“ஜன்னல் வேணாம்ணே. ஞாபகார்த்தமும் வேணாம். எல்லாரோட அட்டையும் எங்க கிடக்குமோ அங்க இதுவும் கிடக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்.”

அந்த நேரம் பார்த்து வெளியே சாவிச் சத்தம் கேட்டது. புருஷன் உள்ளே வந்தார். பஸ் ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. மேசையையும் வந்திருப்பவர்களையும் ஒரு பார்வை பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது.

“இன்னும் திருப்பிக் குடுக்கலையா நீ?”

“குடுக்கல.”

அவர் உட்காரவில்லை. பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துப் பேசினார். “ஒரு நாளைக்கு எத்தனையோ பேரை ஏத்தி இறக்கறேன்கா. ஒவ்வொரு ஸ்டாப்லயும் அவ வயசுல ஒருத்தி ஏறுறா. உள்ளே பார்க்கிற கண்ணாடியை மேல திருப்பி வெச்சுட்டுத்தான் வண்டியே ஓட்டறேன். வீட்டுலயாவது அவ இல்லன்னு இருக்கட்டும். சனிக்கிழமை பாட்டுப் பாட வருவான்னு இவ எழுதி வெச்சிருக்கா பாருங்க. யாரு வருவாக்கா? இதைக் கொண்டு போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அக்காவின் கை தானாகவே கவர் பக்கம் நகர்ந்தது. பெண்ணின் அம்மா தடுக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துக்குங்க. எதுவும் நம்மது இல்ல, பார்த்துக்கக் குடுத்ததுன்னு போதகர் சொன்னாரு. சரின்னுதான் கேட்டுக்கிட்டேன். குடுத்தவர் வாங்கிக்கிட்டார். பேரையுமா வாங்கிக்கிட்டார்? ஒரு தடவை சிவப்பு மையில எழுதி அவளை எடுத்துட்டீங்க. அது உங்க வேலை, நான் ஒண்ணும் சொல்லல. இப்ப எடுத்தீங்கன்னா அது ரெண்டாவது தடவைக்கா.”

புருஷன் திரும்பிச் சமையலறைக்குள் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவேயில்லை. அக்கா கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். இப்படி எதையும் முடிவு செய்ய அவளுக்கு யாரும் அதிகாரம் கொடுத்ததில்லை. இருந்தும், “ஞாயித்துக்கிழமை வாம்மா,” என்று தன் குரல் சொல்வதை அவளே கேட்டாள்.

பேக்கரிக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி மூன்று மாடி இறங்கினார். கடைசி வளைவில்தான் சொன்னார். “வெறுங்கையோட வந்துட்டோமேக்கா.”

“ஆமா.”

“போதகர்கிட்ட சொல்லணுமே.”

“நீங்க தலைவர். நீங்களே சொல்லுங்க.”

“நான் எதுக்குச் சொல்லணும்? சொன்னா அந்த மனுசன் நியாயம் பேசியாகணும். பாவம், ஆறு வாரமா தொண்டை கட்டிப்போய்க் கிடக்காரு.” தோளில் கிடந்த மாவுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தபின் முகமெல்லாம் வெள்ளையாயிற்று. அக்கா அதைச் சொல்லவில்லை.

சனி இரவு முழுக்க அக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிறு காலை ஆலயத்துக்கு வந்ததும் கண் முதலில் அந்த வரிசையைத்தான் தேடியது. இருவரும் வந்திருந்தார்கள். இடப்பக்கம் ஏழாவது பெஞ்சு. நடைபாதை ஓரமாகப் புருஷன், அவரை அடுத்து அவள், அவளுக்கு அந்தப் பக்கம் சுவர் வரை காலி. கூட்டம் பிதுங்கிய நாளிலும் அந்த இடத்தில் யாரும் போய் உட்காரவில்லை.

பிரசங்கம் முடிந்தது. ஆர்கன் வேண்டாம் என்று போதகர் முன்பே சொல்லிவிட்டார். பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் எழுந்தார்கள். பெஞ்சுகள் நெருக்கமாய்ப் போட்டவை. உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டுமென்றால் ஓரத்தில் இருப்பவர் முழங்காலை ஒடுக்கிக்கொண்டால்தான் முடியும். செருப்புச் சத்தமும் இருமலும் தவிர வேறு ஒலி இல்லை. அக்கா பீடத்தருகே மரத்தட்டைப் பிடித்து நின்றாள். அட்டைகள் விழ விழத் தட்டு கனத்தது. பேக்கரிக்காரர் தன் அட்டையை வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

ஏழாவது பெஞ்சின் முறை வந்தது. புருஷன் எழுந்து வந்தார். அவருடைய கவர் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே எழுதினாரோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும். அவருக்குப் பின்னால் அவள் வந்தாள். தன் அட்டையை வைத்தாள். ஒன்றே ஒன்று. அக்காவின் கண் அவள் கையைத் தேடியது, கை காலி. இருவரும் நடந்துபோய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு மூச்சு திரும்பியது. நல்லவேளை என்று நினைத்தாள். நினைத்த அந்தக் கணமே நெஞ்சில் என்னவோ ஒன்று அறுந்து விழுந்தது போலவும் இருந்தது.

அப்போதுதான் பெஞ்சின் உட்பக்கத்தில், காலி இடத்தில், பலகையின் மேல் வெள்ளையாக ஒரு கவர் கிடப்பதைக் கண்டாள். பெண்ணின் அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி, சேலையைச் சேர்த்துப் பிடித்து, முழங்கால்களை ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டாள்.

எட்டாவது பெஞ்சில் எழுந்த கிழவர் நடைபாதையில் அடியெடுத்து வைத்தவர், அதைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் எழுந்தவர்களும் நின்றார்கள். எவரும் யாரையும் தள்ளவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. போதகரும் ஓர் அடி ஒதுங்கி நின்றார்.

புருஷன் மனைவியின் முழங்கால்களைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஸ்டாப் வந்த பஸ்ஸை நிறுத்துகிற நிதானத்தோடு, தன் கால்களையும் மெல்ல உள்ளிழுத்து நடைபாதை வரை வழி விட்டார்.

அக்கா தட்டை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.