மூன்றாவது கட்டம்

வாத்தியார் என்று அவரைக் கூப்பிடுவது மரியாதைக்காக அல்ல. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சிமெண்ட் மூட்டை, குடிதண்ணீர் டிரம், கழிப்பறைக் கதவு, எதையும் விடமாட்டார். ஒருநாள் தீயணைக்கும் சிலிண்டரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, "இது காலாவதியாகி மூணு வருஷம் ஆச்சே" என்றார். அன்றிலிருந்து சூப்பர்வைசருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

எழுத்தைச் சொல்லிக்கொடுத்ததும் கம்பெனிதான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் பர்மிட் தாள்களைப் புரட்டிப் பார்த்து, வரிசையாகக் கைநாட்டாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். உடனே சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று மாதம் மாலை வகுப்பு. தன் பெயரை வரையத் தெரிந்ததும் ஒவ்வொருவராக பெஞ்சைக் காலி செய்தார்கள். வாத்தியார் மட்டும் கடைசி நாள்வரை உட்கார்ந்திருந்தார். கம்பெனி கேட்டது கையெழுத்தை. இவரோ கம்பெனி கேட்காத எழுத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

அவருடைய வேலை தொட்டி வாசலில் நிற்பது. இரண்டு ஆள் உயர இரும்புத் தொட்டி, பக்கவாட்டில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற ஓட்டை. உள்ளே இரண்டு பேர் கசடு சுரண்டுவார்கள். வெளியே இவர் அவர்கள் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். உள்ளே போகிற இருவரில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. இவர்தான் வேலையில் சேர்த்துவிட்டார். சேர்த்த நாளிலிருந்து மனைவி காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது ஒரே பாட்டுத்தான்: "போனவனை முழுசாக் கூட்டிட்டு வாங்க."

பர்மிட் இல்லாமல் அங்கே ஓர் ஆணியைக்கூட அடிக்கமுடியாது. தாளில் மூன்று கட்டம். மூன்றிலும் வாசல் ஆள் கையெழுத்துப் போடவேண்டும். காலை எட்டு மணிக்கு, டீ ஆறுவதற்குள், மூன்றையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவதுதான் வழக்கம். பர்மிட் எழுதிக் கொடுக்கிற அதிகாரி, பர்மிட் சாரும் தன் பங்கு மூன்றையும் அப்போதே போட்டுவிடுவார். நாலரைக்கு ஆபீஸ் வேன் கிளம்பிவிடும் அல்லவா, சாயந்திரம் தொட்டித் தொட்டியாக யார் அலைவது?

தாள் இதுவரை தலைமை ஆபீசின் மொழியில்தான் இருந்தது. மறுபடி ஆடிட் வந்தது. வேலை செய்கிறவனுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அன்று காலைதான் புதுத்தாள் வந்திருந்தது. தமிழ்த் தாள்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"போச்சுடா" என்றான் மச்சினன், பூட்சுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. "மாமா, நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள உள்ள கசடு கல்லாயிடும்."

"இது என்ன பரீட்சை ஹாலா?" என்றார் பர்மிட் சார். "போட்டுக் குடுங்க வாத்தியாரே, இன்னும் நாலு தொட்டி இருக்கு எனக்கு."

முதல் கட்டம்: குழாய் பூட்டப்பட்டது. போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து போட்டார். இரண்டாவது: உள்ளே காற்று சோதிக்கப்பட்டது. மீட்டரைக் காட்டச் சொல்லிப் பார்த்துப் போட்டார். பர்மிட் சார் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"உள்ளே... சென்ற... அனைவரும் வெளியே... வந்துவிட்டனர். தொட்டியில் ஆள் இல்லை என்பதை... நேரில் பார்த்து உறுதி செய்கிறேன்."

நிமிர்ந்தார். மச்சினன் இன்னும் இரண்டாவது பூட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சார், இவன் இன்னும் உள்ளயே போகலையே. வெளிய வந்துட்டான்னு எப்படி சார் போடறது?"

"சாயந்திரம் வரத்தானே போறான்?"

"வரட்டும் சார். வந்ததும் போடறேன்."

"கைநாட்டும் கையெழுத்துமாப் பதினோரு வருஷமாப் போட்டீங்க. அப்பல்லாம் கை சுட்டுதா?"

"அப்ப என்ன எழுதியிருக்குன்னே தெரியாது சார்."

"என்ன பெருசா எழுதியிருந்தது? இதேதான்."

வாத்தியார் கட்டத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். பதினோரு வருஷம். தினமும் காலை எட்டு மணிக்கு, எதிரில் நிற்கிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டே, இவர்கள் உள்ளே போய் வேலையை முடித்து வெளியே வந்துவிட்டார்கள், நான் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். அதுவும் சிரித்த முகத்தோடு, கையில் டீயோடு.

"மாமா, மானத்தை வாங்காதீங்க. போட்டுத் தொலைங்க" என்றான் மச்சினன்.

"நீ உள்ள போடா. நீ வெளிய வந்தா போடறேன்."

பர்மிட் சார் தாளைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அதற்கும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். "என்னவோ பண்ணுங்க. முடிஞ்சதும் போட்டு ஆபீஸ் பெட்டியில போட்டுடுங்க" என்று ஆபீசுக்கான நகலை மட்டும் கிழித்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கென்று பார்த்துக் கசடு உண்மையாகவே கல்லாகியிருந்தது. தினமும் நாலு மணிக்கே முடிகிற வேலை, நாலரைக்கும் பாக்கி இருந்தது. ஆபீஸ் வேன் கேட்டைத் தாண்டிப் போவதை வாத்தியார் கயிற்றைப் பிடித்தபடியே பார்த்தார். உள்ளே இரண்டு சுரண்டிகள் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன.

ஐந்து அடித்து ஐந்து நிமிடம் இருக்கும். பம்புக்காரர் வந்தார். பம்பு அறை தொட்டிக்கு மறுபக்கம், இருநூறு அடி தள்ளி, இரண்டு சுவருக்கு அப்பால். சரியாக ஐந்து மணிக்குக் குழாய்ப் பூட்டைத் திறந்து, தொட்டியைக் கழுவ, பட்டால் தோலை உரிக்கிற காரத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க விடுவது அவர் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்க அவசியம் வந்ததில்லை. ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் ஆபீசிலிருந்து எடுத்துவந்த நகல் தாள், முகத்தில் கடுகு வெடித்தது.

"யாருய்யா வாசல் ஆள்? மூணாவது கட்டம் மொட்டையா இருக்கு. பெட்டியிலயும் தாள் இல்ல. நான் எப்படித் திறக்கறது?"

"திறக்காதீங்க. உள்ள ஆள் இருக்கு."

"அது உங்க பாடு. நான் கேக்கறது கையெழுத்து. சாருக்குப் போன் போட்டேன். கையெழுத்துப் போட்டாச்சுன்னு வெச்சுக்கிட்டுத் திறக்கச் சொல்றார். தாள்ல இல்லாம திறந்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் கழுத்து மாட்டும்? என் கழுத்து. நான் தாளைப் பாத்துத்தான் திறப்பேன்."

"நேத்து வரைக்கும்?"

"நேத்து வரைக்கும் கையெழுத்து இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டுத் திறந்தேன். இதுல என்ன..."

அப்போது வாத்தியார் கையிலிருந்த கயிறு இரண்டு தடவை வெட்டி இழுத்தது. ஓட்டைக்குள்ளிருந்து, கிணற்றிலிருந்து வருவதுபோல, மச்சினன் குரல்: "மாமா, தண்ணி பாட்டில உள்ள விடுங்க. நாக்கு ஒட்டுது."

பம்புக்காரர் கயிற்றைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். பிறகு, யாரோ தெரியாமல் தன் கையில் திணித்துவிட்டுப் போனதுபோல, சாவியைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் மெல்ல உட்கார்ந்தார். 

"காலையில நீங்க போட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். 

"ஆமா" என்றார் வாத்தியார், பாட்டிலைக் கயிற்றில் கட்டிக்கொண்டே.

ஐந்தே முக்காலுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். எது தலை எது ஹெல்மெட் என்று தெரியாமல் கசடு. வாசலில் வாத்தியாரும் பம்புக்காரரும் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணினார்கள்.

"என்ன ரெண்டு பேரும் எண்றீங்க? ஆட்டு மந்தையா நாங்க?" என்றான் மச்சினன்.

 வாத்தியார் தலையை உள்ளே விட்டு டார்ச்சு அடித்துப் பார்த்தார். 'நேரில் பார்த்து' என்று தாளில் போட்டிருந்ததே. பிறகு மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. கூட்டம் வாத்தியாரை முன்னே தள்ளியது. அவர் உதட்டை அசைத்துப் படித்துக் காட்டினார்: "புதிய படிவத்தால் வேலையாட்களிடையே தேவையற்ற சந்தேகங்கள் எழுந்து, தொட்டி கழுவுவதில் நாற்பத்தைந்து நிமிடம் தாமதம் ஏற்பட்டுள்ளது. எனவே பழைய மொழியிலான படிவமே தொடரும்." கீழே, பாதுகாப்பே முதன்மை என்று கொட்டை எழுத்து.

"ஜோலி முடிஞ்சுது" என்றான் மச்சினன். "இனி படிக்கற வேலை இல்ல உங்களுக்கு."

மறுநாள் எட்டு மணிக்கு பர்மிட் சார் பழைய தாளை நீட்டினார். முகத்தில் வெற்றி. வாத்தியார் கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பூட்டை ஆட்டிப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், முதல் கட்டத்தில் போட்டார், இரண்டாவதில் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணாவது?"

"மொழிதானே சார் மாறிச்சு" என்றார் வாத்தியார். "கட்டம் அதே இடத்துலதான் இருக்கு."

அன்றும் கசடு லேசில் விடவில்லை. பம்புக்காரர் ஐந்து மணிக்கு யாரும் கூப்பிடாமலே சுவரைச் சுற்றி நடந்து வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில், போன வேனை வயிறெரியப் பார்த்தபடி, பர்மிட் சாரும் நின்றுகொண்டிருந்தார். போனில் சொன்னால் திறக்கமாட்டேன், மூன்றாவது கட்டத்தில் சாரும் நேரில் பார்த்துப் போடவேண்டும் என்று பம்புக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"மாமா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெளிய யாரு இவ்ளோ கூட்டம்?"

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்கடா" என்றார் வாத்தியார். "மெதுவாச் சுரண்டு."